நாலு விரல் இடைவெளி

இரவு பதினொன்றே முக்கால். பாமணியாற்றுக் கரைச் சாலை. மன்னார்குடி வெளிச்சம் பின்னால் மங்கிப்போனால் ஷட்டர் பாலம் வரைக்கும் ஒரு தெருவிளக்கு கிடையாது. இடப் பக்கம் ஆறு. வலப் பக்கம் அறுத்து முடிந்த வயல். பனியில் நனைந்த வைக்கோல் வாடை...

அந்தச் சாலையில் ஒரு சிவப்புக் கார் வந்துகொண்டிருந்தது. உயரம் இடுப்பளவுகூட இல்லை. நம்பர் பிளேட்டும் இல்லை. ஓட்டியவன் சூர்யபிரகாஷ். அவனைத் தவிர வண்டியில் யாரும் கிடையாது. இருக்கவும் முடியாது. அதில் ஒரே ஒரு சீட்தான்.

பாலத்தருகே நிறுத்தி இறங்கினான். கதவைச் சாத்தினான். இரண்டு எட்டு நடந்து, தன் வண்டியின் அழகைப் பார்க்கத் திரும்பினான்.

இடது பக்கம் தாழ்ந்திருந்தது.

ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ... அவ்வளவு.

அந்தப் படுதாவை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மூன்று நாளாகக் காவல் கிடக்கிறோம். தூக்கம் வரப்போவதில்லை. கதையாவது வரட்டும். இது நம் ரெத்தினத்தின் பெரியம்மா மகனுக்கு நடந்தது. ரெத்தினம் பொய் சொல்லமாட்டான். பொய் சொல்ல வேண்டிய கற்பனை அவனுக்கு இல்லை.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். சூர்யபிரகாஷ் பதினான்கு வருஷம் துபாயில் இருந்தவன். பந்தயக் கார் கம்பெனியில் என்ஜினீயர் என்று அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கார் நிறுத்துமிடத்தில் சூப்பர்வைசர் என்று ரெத்தினம் சொல்கிறான். எதுவானாலும் கார்களை அவன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான், அதை மறுக்க முடியாது. திரும்பி வந்ததும் வீட்டு நெல் குடோனைக் காலி செய்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, வாசலில் ஒரு போர்டு மாட்டினான். ‘கையால் கட்டப்படும் ஸ்போர்ட்ஸ் கார்’ என்று ஆங்கிலத்தில். யார் கையால் என்று அதில் இல்லை.

கை, ராஜாங்கத்தின் கை. மன்னார்குடி லாரிப் பட்டறைகளில் முப்பத்தைந்து வருஷம் உழைத்த மனிதர். இடது கையில் கட்டைவிரல் கிடையாது, ஒரு லாரியின் ஸ்பிரிங் பட்டை வாங்கிக்கொண்டது. மிச்சம் நாலு. “அளவு பாக்க நாலு போதும்” என்பார். பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே அப்படித்தான் அளப்பார். சக்கரத்துக்கும் மேலேயிருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அந்த நாலு விரலைச் செருகிப் பார்ப்பார். நாலும் உரசாமல் போய் வந்தால் வண்டி சரி. மூன்று போய் ஒன்று மாட்டினால் ஸ்பிரிங் இறங்கியிருக்கிறது.

சூர்யபிரகாஷ் இதற்கென்றே சிவப்பு ஒளி அடிக்கும் ஓர் அளவுக் கருவி வைத்திருந்தான். அது சொல்வதும் விரல் சொல்வதும் ஒன்றாகவே இருந்தது. அதனால் அவனுக்கு விரலின் மேல் கோபம்.

ராஜாங்கம் அவனை ‘தம்பி’ என்பார், ‘வாங்க, போங்க’ என்பார். வயதில் பதினைந்து மூத்தவரை இவன் ‘வா, போ’ என்பான். டீ வந்தால் இவனுக்கு எவர்சில்வர் டம்ளர், அவருக்குப் பேப்பர் கப். சுத்தத்துக்காகத்தான் என்பான். துபாயில் எல்லாம் அப்படித்தானாம்.

என்ஜினுக்கு ஒரு சண்டை நடந்தது.

“தம்பி, நம்மூரு டீசல் என்ஜினா ஒண்ணு போட்டுக்குவோம். எங்க நின்னாலும் ரெண்டு ஸ்பானர்ல கெளப்பிடலாம்.”

“ராஜாங்கம், இது நாத்துக்கட்டு ஏத்துற வண்டி இல்லை.”

ஜப்பான் என்ஜின் வந்தது. சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்தது. டர்போ வைத்தது. இருநூற்றைம்பது குதிரைச் சக்தி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். கரைச் சாலையில் இருநூற்றைம்பது குதிரைக்கு என்ன வேலை என்று அந்தக் குதிரைகளுக்கே தெரிந்திருக்காது. நூறு அடிக்கு ஒரு வேகத்தடை, மீதி இடத்தில் நெல் காய்கிறது. முதல் ஓட்டத்தில் அந்த வண்டி தன் வயிற்றால் அரை மூட்டை நெல்லைக் கூட்டிக்கொண்டு வந்தது. நெல்லுக்காரன் பின்னாலேயே ஓடி வந்தான்.

அந்த என்ஜினுக்கு ஒரு நோய். அணைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்தால் சத்தம் ஒரே சீராக இருக்காது. ஊம்ம்... என்று ஏறும், அடங்கும், மறுபடி ஏறும். ராஜாங்கம் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின்மேல் வைப்பார். டிக். கைப்பிடியைத் தன் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வாயில் பன்னீர்ப் புகையிலை. “மூச்சு வாங்குது தம்பி. நம்மூரு வெயிலு ஒத்துக்கல. கொஞ்ச நாள் விடுங்க, பழக்கிடறேன்.”

அடுத்தது சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் என்றால் நமக்கெல்லாம் சர்க்கார் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதுதான் தெரியும். சூர்யபிரகாஷுக்கு அது வேதம். பந்தயத்துக்கான ஸ்பிரிங், கல் மாதிரி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். தரையோடு தரையாக வண்டி படுக்க வேண்டும் என்றான். ராஜாங்கம் கெஞ்சி, முறைத்து, கடைசியில் நாலு விரல் உயரத்துக்குச் சம்மதம் வாங்கினார்.

வண்டியில் எடை ஏறக்கூடாது என்று ஏசி வேண்டாமென்றுவிட்டான். இருபது கிலோ மிச்சமாம். இருபது கிலோ குறைக்க வேறு வழியும் இருந்தது. சூர்யபிரகாஷ் பெல்ட்டைக் கடைசித் துளையில்தான் மாட்டுவான். ஆனால் அதை யார் சொல்வது?

உள்ளே எல்லாம் வெள்ளை. சீட்டுக்கு வெள்ளை லெதர், கதவுக்கு வெள்ளை லெதர், கீழே வெள்ளைக் கார்பெட். வண்டல் மண் ஊரில் வெள்ளைக் கார்பெட். ராஜாங்கம் உள்ளே தலையை நீட்டி ஒரு போல்ட்டை முடுக்க வேண்டுமென்றாலும் முதலில் தினசரிப் பேப்பரை விரிக்க வேண்டும். பேப்பர் விரிக்காமல் ஒரு நாள் முழங்காலை ஊன்றிவிட்டார். அதற்குச் சூர்யபிரகாஷ் பேசிய பேச்சை ரெத்தினம் இன்னும் எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்படுகிறான்.

கடைசியாக அந்தச் சீட் விஷயம்.

“ரெண்டு சீட்டு வைங்க தம்பி. நீங்க மட்டும் உக்காந்தீங்கன்னா வலப் பக்கம் சாயும். இந்தப் பக்கமும் ஒரு ஆளு உக்காந்தாத்தான் வண்டி சமமா நிக்கும்.”

“எனக்குச் சமமா யாரு உக்காரணுங்கிற?”

ராஜாங்கம் இரண்டு ஆளுக்குக் கணக்குப் போட்டே ஸ்பிரிங்கைப் பூட்டினார். ஒரு சீட்தான் வந்தது. சூர்யபிரகாஷ் ஏறி உட்கார்ந்தால் வலது பக்கம் மூன்று விரலுக்கு இறங்கும், இடது பக்கம் நாலிலேயே நிற்கும். ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமக்கிறவன் மாதிரி வண்டி சாய்ந்து போகும். திருப்பங்களில் பிடித்து இழுக்கும். சூர்யபிரகாஷுக்கு அது ஒரு முள்.

தை மாசம், வெள்ளிக்கிழமை. வேலை முடிந்துவிட்டது. ராஜாங்கம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, ஷட்டர் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு... நானும் வரட்டுங்களா?”

“எங்க உக்காருவ? பேப்பர் மேலயா?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ராஜாங்கமும் சிரித்தார். சிலர் அப்படித்தான் சிரிப்பார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. ராஜாங்கம் கடைசியாக ஒரு தடவை அளவு பார்க்க இடது சக்கரத்தருகே குந்தினார். விரலைச் செருகினார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். கை மட்டும் அந்த இடைவெளியிலேயே இருந்தது.

குடோனில் அப்போது இருந்த ஒரே வண்டி அதுதான். இருநூற்றைம்பது குதிரை. ஆஸ்பத்திரி ஆறு நிமிஷம். சூர்யபிரகாஷ் ஆட்டோவுக்குப் போன் செய்தான். ஆட்டோ வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. தரையில் உட்கார வைத்துக்கூடக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் ராஜாங்கம் வாந்தி எடுத்திருந்தார். கார்பெட் வெள்ளை.

ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

சனிக்கிழமைச் சாவு. தெரியும் இல்லையா... சனிக்கிழமை போகிறவர் துணை தேடுவார் என்று ஒரு பயம். அதனால் உயிருள்ள கோழி ஒன்றைப் பாடைக் கழியில் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கோழிதான் துணை, வேறு யாரையும் தேட வேண்டாம் என்று அர்த்தம். ராஜாங்கத்தின் மகள் கனிமொழி திருச்சியிலிருந்து வந்து சேர்ந்ததும், அந்தி சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

சூர்யபிரகாஷ் அவர்கள் தெருவுக்குள் வரவில்லை. முனையில் நின்றுகொண்டு, பத்துப் பேர் கேட்கும்படி, “என்ன வேணும்னாலும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்” என்றான். ராஜாங்கத்தின் மனைவி செவ்வந்தி வெளியே வந்தாள்.

“ஒண்ணும் வேணாம் தம்பி. உயிர்க்கோழி ஒண்ணு மட்டும் வாங்கியாந்துடுங்க. எங்காளுங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் அலையுறாங்க. நேரமாயிடும்.”

“இவ்வளவுதானே” என்றான்.

அந்த வண்டியை முதல் தடவையாக ஊருக்குள் எடுத்தான். கடைத்தெரு பார்க்க வேண்டும் இல்லையா? கோழிக்கடையில் நாட்டுக்கோழி இருந்தது. கையில் எடுத்தும் விட்டான். அது இறக்கையை அடித்துக்கொண்டு அங்கேயே ஒரு எச்சம் போட்டது. சூர்யபிரகாஷ் கோழியைப் பார்த்தான். கண்ணாடி வழியாகத் தன் வெள்ளைக் கார்பெட்டைப் பார்த்தான்.

“வெட்டிக் குடுத்துடு” என்றான். “தோலை உரிச்சிடு.”

பாடை தோளுக்கு ஏறியபோது வந்து சேர்ந்தான். கேரி பேக்கை நீட்டினான். வாங்கியவர் கை சில்லிட்டது. பிரித்துப் பார்த்தார். பதினாறு துண்டு. ஈரல் தனியாக ஒரு சின்னக் கவரில்.

சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, திரும்ப ஆள் அனுப்ப நேரமில்லை. செவ்வந்தி அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. “என்ன தம்பி இது... அவரு தனியா போயிடுவாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“எல்லாம் கோழிதான்மா” என்றான் சூர்யபிரகாஷ்.

மறுநாள் ஞாயிறு. துக்கம் கேட்கப் போகவில்லை. இரவு வண்டியை எடுத்துக்கொண்டு கரைச் சாலைக்குப் போனான். நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இரவு.

ஏறி உட்கார்ந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. வண்டி சாயவில்லை. திருப்பத்தில் இழுக்கவில்லை. வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. சூர்யபிரகாஷுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தியா, ஸ்பிரிங் தானாகவே படிந்துவிட்டது, இந்தக் கிழவன் இரண்டு சீட் வை, இரண்டு சீட் வை என்று ஆறு மாசம் உயிரை வாங்கினானே... இப்படித்தான் நினைத்ததாக ரெத்தினத்திடம் அவனே சொல்லியிருக்கிறான். செத்தவரைப் பற்றி, செத்த மறுநாள்.

பாலத்தருகே இறங்கினான். என்ஜினை அணைக்கவில்லை. அப்போதுதான் காதில் பட்டது. அந்த ஏற்றம் இறக்கம் இல்லை. ஒரே சீர். தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி.

திரும்பினான். இடது பக்கம் தாழ்ந்திருந்தது.

அளவுக் கருவி கையில் இல்லை. குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் விரலைச் செருகினான். வலது பக்கம் நாலு. இடது பக்கம் மூன்று போயிற்று. நாலாவது மாட்டியது.

காற்று இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து கிடந்தது, தவளைச் சத்தம்கூட இல்லை. எங்கிருந்தோ லேசாக... பன்னீர்ப் புகையிலை வாடை.

அவன் திரும்ப ஏறி வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தான் என்று தெரியாது. வண்டி மட்டும் மிக அழகாக வந்ததாம்.

திங்கட்கிழமை ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதித்தான். குறையில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் மாற்றிப் பூட்டினான். அப்போதும் இடது மூன்று, வலது நாலு. புதன்கிழமை அளவுக் கருவியால் பன்னிரண்டு தடவை அளந்தான். கருவி விரல் சொன்னதையே சொன்னது. வியாழக்கிழமை காலை இடது கதவின் உள்பக்கத்தில், வெள்ளை லெதரில், கிரீஸ் கை ஒன்று பதிந்திருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தவர் கதவை இழுத்துச் சாத்தினால் எங்கே கை படுமோ, அங்கே. நாலு விரல். கட்டைவிரல் இல்லை.

பெட்ரோல் போட்டுத் துடைத்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. இதில் சூர்யபிரகாஷ் எதற்கு அதிகமாக வருத்தப்பட்டான் என்கிறீர்கள்? “லெதர் பாழாப்போச்சுடா” என்றுதான் ரெத்தினத்துக்குப் போன் செய்தான்.

ஆனால் பேசி முடித்தும் போனை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரெத்தினம் நேரில் போனான். சூர்யபிரகாஷ் சவரம் செய்யவில்லை. பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. இருபது கிலோ குறைக்க அந்த ஒரு வாரம் போதும் போலிருந்தது.

“தூங்கவே முடியலடா. குடோன்ல டிக், டிக்குன்னு சத்தம். நாளைக்குச் சனிக்கிழமை. துணை தேடுவார்னு சொல்றாங்களே... என்னைத்தானா?”

“அண்ணே, அந்தம்மாகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க. வண்டியில ரெண்டாவது சீட்டு ஒண்ணு வைங்க.”

“அந்தத் தெருவுக்குப் போயா? நானா?”

“அப்ப உயிர்க்கோழியாவது கொண்டு போயி விட்டுட்டு வாங்க. கடன்பட்டுருக்கீங்கல்ல.”

கோழி சுலபமாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதைவிடக் கோழி சுலபம்.

சனிக்கிழமை இரவு. ஒரு நாட்டுச் சேவலின் காலைக் கட்டி, வண்டியின் இடப் பக்கத் தரையில் போட்டான். அப்போதும்... கேளுங்கள், சாவு பயத்திலும்... அடியில் பேப்பர் விரித்தான்.

பதினொன்றே முக்காலுக்கு ரெத்தினத்துக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தான், தனியாகப் போகத் தைரியமில்லை.

“ஷட்டர் பாலம் தாண்டிட்டேன்டா. சுடுகாட்டுப் பாதை திரும்பிட்டேன்.”

“பதட்டப்படாமப் போங்கண்ணே. சுடுகாட்டு வாசல்ல அரிச்சந்திரன் கல்லுகிட்ட எறக்கி விட்டுட்டுத் திரும்பிடுங்க.”

கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும். ஒரே சீர்.

“டேய்... சேவல் என் மடியில வந்து உக்காந்துடுச்சுடா.”

“காலைக் கட்டலியா?”

“கட்டித்தான் போட்டேன். அவுந்து கெடக்கு. கீழ தள்ளுனா திரும்பத் திரும்ப ஏறுது. அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குது...”

வண்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்க... எடம் இல்லை போலருக்குடா.”

பிறகு போனில் ஒரு சின்னச் சத்தம். இரும்பின்மேல் இரும்பு. டிக்.

அதற்குப் பிறகு சூர்யபிரகாஷின் குரல். ஆனால் அது ரெத்தினத்திடம் பேசவில்லை. அந்த மாதிரிக் குரலில் அவன் பேசி ரெத்தினம் கேட்டதே இல்லையாம்.

“வாங்க... வாங்கண்ணே. நல்லா... நல்லா சாஞ்சு உக்காருங்க.”

முதல் தடவையாக ‘வாங்க’. முதல் தடவையாக ‘அண்ணே’. ரெத்தினம் மணியைப் பார்த்தான். பதினொன்று ஐம்பத்திரண்டு. போன் அப்படியே திறந்து கிடந்தது. என்ஜின் மட்டும் ஊம்ம்ம்... என்று, ஒரே சீராக.

ரெத்தினம் இரண்டு பேரை எழுப்பிக்கொண்டு பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, வண்டி அரிச்சந்திரன் கல்லுக்கு எதிரே நின்றது. சூர்யபிரகாஷ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். காயம் இல்லை. கண் திறந்திருந்தது. முகம் இடப் பக்கம் திரும்பியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை மரியாதையாகக் கேட்பதுபோல. சேவல் அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை லெதர் முழுக்க எச்சம்.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போயிற்று. மாரடைப்பு என்றார்கள். உடம்பை எடுத்துப் போன பிறகு காலி வண்டிக்கு ரெத்தினம் மட்டும் விடியும்வரை காவல். என்ஜினை அணைத்துவிட்டான். சாவி அவன் சட்டைப் பையில்.

விடியற்காலை, வெளிச்சம் சரியாக வரவில்லை. செவ்வந்தி அந்தப் பாதையில் நடந்து வந்தாள். காரியம் முடியாத வீட்டுப் பெண் இப்படி வரக்கூடாதே என்று ரெத்தினத்துக்குத் தோன்றியது. அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். அவள் புருஷன் ஆறு மாசம் உழைத்த வண்டியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

குனிந்து வலது சக்கரத்தின் மேல் விரலைச் செருகினாள். அவள் விரல் மெலிசு. அப்படியும் மூன்றுதான் போயிற்று. சுற்றிப் போய் இடது பக்கம் செருகினாள். மூன்று.

உள்ளே யாரும் இல்லை. வண்டி சமமாக நின்றது. ராஜாங்கம் கேட்டது அதைத்தானே?

செவ்வந்தி இடது கதவைத் திறந்தாள். வீட்டுக்கு நேரத்தில் வராத புருஷனைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

“போதும். எறங்கி வாங்க. டீ ஆறுது.”

ஸ்ஸ்... என்று ஒரு மெல்லிய சத்தம். இடது பக்கம் ஒரு விரல் மேலே எழும்பியது. ரெத்தினம் தன் கண்ணால் பார்த்தான். அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தாள். மெதுவாக, கூட வருபவருக்கு வழிவிட்டு நடப்பதுபோல பாதையின் ஒரு ஓரமாகவே நடந்தாள்.

வலது பக்கம் எழும்பவில்லை.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக் குடோனில் விட்டார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து ஹஸ்ஸான் என்று ஒரு வியாபாரி என்ஜினுக்காகப் பார்க்க வந்தார். ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைத் தூக்கி, புது ஸ்பிரிங் பூட்டி, இறக்கினார். மூன்று விரல். மறுபடி தூக்கி இறக்கினார். மூன்று விரல். சீட்டின்மேல் கை வைத்துப் பார்த்தார். லெதர் சூடாக இருந்தது. கொண்டு வந்த சாமானைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சூர்யபிரகாஷை எடுக்கும்போது, சனிக்கிழமைச் சாவாயிற்றே, கோழி கட்டவேண்டாமா என்று ரெத்தினம் கேட்டிருக்கிறான். சொந்தக்காரர்கள் டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார்கள். அதில் ஞாயிறு, நள்ளிரவு பன்னிரண்டு நாற்பது என்று எழுதியிருந்தது. டாக்டர் வந்து பார்த்த நேரம். தாளில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான், கோழி எதற்கு என்றுவிட்டார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டைப் பற்றி ரெத்தினம் அப்போது வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் அவன் தினமும் சாயங்காலம் குடோனுக்குப் போய் அந்த வண்டியின் இரண்டு கதவையும் பூட்டிவிட்டு வருகிறான். விடிந்து போய்ப் பார்த்தால் வலது கதவு பூட்டியபடி இருக்கிறது. இடது கதவு... ஆளை ஏறச் சொல்வதுபோல... முழுக்கத் திறந்திருக்கிறது.

அந்தப் பக்கத் தரையில் பேப்பர் விரித்திருக்கிறது.

அன்றைய தேதிப் பேப்பர்.